எமிமாள் நிறுத்திய இடம்

"ஐயா, அந்தப் பாடத்தை நான் வாசிக்க மாட்டேன்."

எமிமாள் வாசலில் கால் வைக்கும்போதே சொல்லிக்கொண்டுதான் வந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. மில்லை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

எங்கள் சபைப் போதகர் சுகிர்தன் ஐயர் ஏணி மேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

எங்கள் கோயிலில் மணியடிக்கிறவன், கூட்டுகிறவன், ஏணி பிடிக்கிறவன் எல்லாம் நான்தான். பேர் மோசே. பேருக்குத்தான் மோசே. செங்கடலை விடுங்கள், வீட்டு வாய்க்காலைக்கூட நான் பிளந்ததில்லை.

"பாடத்தை மட்டுமில்ல. இந்தக் கோயிலுக்கே இனிமே வரமாட்டேன். சொல்லிட்டேன்."

"ஏணியை விட்டுராதீங்க அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஐயர் இறங்கி வந்தார்.

வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெஞ்சைக் கையால் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றார்.

அவள் உட்காரவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு பெண்கள் ஞாயிறு. வருசத்தில் அந்த ஒரு நாள் ஆராதனையைப் பொம்பளைகள்தான் நடத்துவார்கள். ஜெபம் அவர்கள், பாட்டு அவர்கள், பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பதும் அவர்கள். எதை வாசிக்க வேண்டும் என்று முடிவு பண்ணுவது மட்டும் ஆம்பளைகள்.

கோயில் கமிட்டி செயலாளர் வேதமாணிக்கம் ரொம்ப யோசித்து ஒரு பாடத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். தீர்க்கதரிசி ஓசியா பேசியது. அந்தக் காலத்து ஜனங்கள் ஆண்டவரை விட்டுவிட்டுப் பாகால் என்கிற விக்கிரகத்தின் பின்னால் போனார்களே, அவர்களைப் பார்த்து, 'நீ புருசனை விட்டுட்டு இன்னொருத்தன் பின்னால போன பெண்டாட்டி' என்று தீர்க்கதரிசி கிழிகிழி என்று கிழிக்கிற இடம்.

"பெண்கள் ஞாயிறுக்கு இதுதான் பொருத்தம். பொம்பளைகளுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றாராம் மனுசன்.

அதை வாசிக்க எமிமாளைப் போட்டார்கள். அவள் தொண்டை அப்படி. மில் ஓட ஓடப் பேசிப் பழகின தொண்டை, மைக் தேவையில்லை.

தொண்டையைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்கவில்லை. அவள் புருசன் ஆசீர்வாதம் அவளை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினவன். மூன்று வருசம். ஈஸ்டருக்கு முன்னால்தான் திரும்பி வந்து அண்ணன் வீட்டில் கிடக்கிறான். சாயங்காலம் ஆனால் மில் வாசலில் வந்து நிற்பான். எமிமாள் மாவைத் தள்ளுவாளே ஒழியத் தலையைத் தூக்க மாட்டாள்.

கமிட்டிக்காரர்கள் நாலு பேர் அவள் வீட்டுக்கே போய்ப் புத்தி சொன்னார்கள். "ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான் தாயி. வந்துட்டான்லா? மன்னிச்சு உள்ள சேத்துக்கோ."

காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

இப்போது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எமிமாள் கேட்டாள்:

"ஓடிப்போனது எம் புருசன். ஏச்சு வாங்குறது பொம்பளையா?"

ஐயர் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"நான் நின்னு வாசிக்கணும், 'பொண்டாட்டி கெட்டுப்போனா'ன்னு. அவன் ஆம்பளைங்க பக்கம் பெஞ்சுல சாஞ்சு உக்காந்து கேக்கணும். ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கும்" என்றார் ஐயர்.

"சாமிய விட்டுட்டு விக்கிரகத்துக்குப் பின்னால போனா, தப்புன்னு சொல்லட்டும். ராஜாவுக்கு எதிரா கலகம்னு சொல்லட்டும். கட்டளைய மீறிட்டேன்னு நாலு அடி போடட்டும். அதுல புருசன் பொண்டாட்டிய எதுக்குய்யா இழுக்கணும்? அந்தத் தீர்க்கதரிசிக்கு வேற உவமையே கிடைக்கலையா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு உள்ளுக்குள் அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

ஐயர் மேலே டியூப்லைட்டைப் பார்த்தார்.

"மில்லுல ஒருத்தர் கரண்ட் திருடுறார்னு வைங்க. கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பிடிச்சா என்ன செய்வார்?"

"அபராதம் போடுவாரு."

"அழுவாரா?"

"அவரு எதுக்கு அழுவாரு? அவரு அப்பன் வீட்டு கரண்ட்டா?"

"ராத்திரி சோறு இறங்குமா அவருக்கு?"

"நல்லா இறங்கும். கோழி அடிச்சுச் சாப்பிடுவாரு."

"உங்களுக்கு இறங்குச்சாம்மா?"

எமிமாள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெளியே எவனோ ஆடு பத்திக்கொண்டு போனான்.

"எதுக்கு அதைக் கேக்கீங்க?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஒரு வருசம் சோத்துல கை வைக்கவே மனசு வரல. அவன் சாப்பிடுற தட்டைக் கழுவிக் கழுவி வச்சேன், வந்துருவான்னு. பைத்தியக்காரி."

"கட்டளைய மீறினவனைப் பத்திச் சொல்லணும்னா கரண்ட் ஆபீஸ்காரர்கிட்டக் கேட்டாப் போதும்" என்றார் ஐயர். "தீர்க்கதரிசி அங்க போகல."

அவள் கையில் காய்ந்திருந்த மாவை உரித்துப் போட்டாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். எமிமாளை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"சரிய்யா. அழுதவங்க கதைன்னே வையுங்க. அதுலயும் ஓடுகாலி பொம்பளைதானே? ஆம்பளை யோக்கியன்தானே? எழுதினவன் ஆம்பளைன்னா வேற எப்படி இருக்கும்?"

"அதுக்கு ஞாயித்துக்கிழமை பதில் சொல்லுதேன்."

"ஏன், இப்பச் சொன்னா வாய் வலிக்குமோ?"

"இப்பச் சொன்னா உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

எமிமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தோடு கோபமாக. "உங்களுக்குக் கல்யாணமே ஆகல. முப்பது வயசுப் பையன். புருசன் பொண்டாட்டி சங்கதி உங்களுக்கு என்னத்தத் தெரியும்?"

"தெரியாதும்மா. அதான் தெரிஞ்சவங்க வாசிச்சா நல்லாருக்கும்னு பாத்தேன்."

"நான் வாசிக்க மாட்டேன்."

"வாசிக்க வேண்டாம். கேக்க வாங்க."

அவள் எழுந்து சேலையை உதறினாள். பெஞ்சு பூரா மாவு.

"வாறேன். ஆனா அதுதான் கடைசி. அந்த ஞாயிறோட எனக்கும் இந்தக் கோயிலுக்கும் முடிஞ்சுது."

போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எமிமாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்கேதான், தாலி கட்டினதும் இங்கேதான். "என்னய்யா இப்படி விட்டுட்டீங்க? நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

ஐயர் பெஞ்சில் இருந்த மாவைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஞாயிறு முதல் மணி அடிச்சதும் வாசலுக்கு வந்துருங்க. நாம ரெண்டு பேரும் ஆளுகளைப் பிடிச்சு நிறுத்தணும்."

"எதுக்கு?"

"வாங்க."

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே போனால் இடப்பக்கம் ஆம்பளைகள், வலப்பக்கம் பொம்பளைகள். கோயில் கட்டின நாள் முதல் அப்படித்தான். புருசனும் பெண்டாட்டியும் தெருவில் ஒன்றாகப் பேசிக்கொண்டு வருவார்கள், வாசலில் பிரிந்துவிடுவார்கள். ஆம்பளைகளுக்குப் பெஞ்சு, தலைக்கு மேல் சுற்றுகிற கரண்ட் காத்தாடி. பொம்பளைகளுக்குப் பாய், கைக்குழந்தை, வேர்வை. இதில் யாருக்கும் எந்த ஆட்சேபனையும் இருந்ததில்லை. அதாவது பெஞ்சில் இருந்தவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வெள்ளை அங்கியோடு வாசலில் நின்றார். நான் பக்கத்தில்.

"இன்னைக்கு ஆம்பளைங்க வலப்பக்கம். பொம்பளைங்க இடப்பக்கம்."

முதலில் வந்தவர்கள் ஐயர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். ரெண்டு பேரைத் தோளைப் பிடித்துத் திருப்பி விட்ட பிறகுதான் விசயம் புரிந்தது.

வேதமாணிக்கம் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, முறுக்கின மீசை.

"இது என்ன கூத்துய்யா? நான் பாயில உக்காரவா?"

"ஆமாய்யா."

"பிஷப்புக்கு எழுதுவேன்."

"தாராளமா எழுதுங்க. அந்தப் பக்கம் உக்காந்து எழுதுங்க."

யாரோ ஒரு பொம்பளை கிளுக்கென்று சிரித்தாள். அதோடு வேதமாணிக்கத்துக்கு வேறு வழி இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு பாயில் இறங்கினார். "ஏசுவே" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அதை ஜெபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நானும் உட்கார்ந்தேன். பாய் குத்தியது. காத்து வரவில்லை. முன்னால் தூண் மறைத்தது. இத்தனை வருசமாக அந்தப் பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை உட்கார்ந்து பார்த்ததில்லை.

பெஞ்சுப் பக்கம் ஒரே கொண்டாட்டம். காலை நீட்டுவதென்ன, காத்தாடிக்கு முகத்தைக் காட்டுவதென்ன. ஒருத்தி எழுந்து வந்து கைக்குழந்தையைப் புருசன் மடியில் போட்டுவிட்டு, "இங்க குழந்தைக்கு எடமில்ல" என்று சொல்லிப் போனாள். அவன் என்ன செய்வான் பாவம், ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஆசீர்வாதம் கடைசியில் வந்தான். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. சுவரோரம் பாய்க்கு வெளியே தரையில் உட்கார்ந்தான்.

எமிமாள் முதல் பெஞ்சில் இருந்தாள். மாவு இல்லாத கை. நல்ல சேலை. ஒரு இடத்தை விட்டுப் போகிறபோது உடுத்துகிற மாதிரி உடுத்தியிருந்தாள்.

ஜெபம் முடிந்தது. பாட்டு முடிந்தது. பாடம் வாசிக்கிற நேரம். யாரும் எழும்பவில்லை.

ஐயர் வந்து பாய்ப் பக்கத்தைப் பார்த்து நின்றார்.

"ஓசியா இதைச் சொன்னப்போ அவருக்கு முன்னால உக்காந்திருந்தது யார் தெரியுமா?"

ஐயர் விரலை மடக்கி எண்ணினார்.

"ராஜா. கோயில் ஆசாரியன். ஊர்ப் பெரியவங்க. எல்லாம் தாடி மீசைக்காரங்க. அவங்க வீட்டுல ஒரு பொம்பளை படி தாண்டினாக் கல்லெடுப்பாங்க. அவங்களே தாண்டினா, ஆம்பளைதானேன்னு விட்டுருவாங்க. அவங்களைப் பாத்துத்தான் தீர்க்கதரிசி சொன்னாரு. 'அந்தப் பொண்டாட்டி நீங்கதான்.'"

வேதமாணிக்கத்தின் கை மீசைக்குப் போய், பாதியில் கீழே இறங்கியது.

எனக்கும் சுருக்கென்றது. நான் யோக்கியன்தான். இருந்தாலும் சுருக்கென்றது.

முதல் பெஞ்சிலிருந்து எமிமாள் எழுந்தாள். ஆராதனை நடுவில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவள் கேட்டாள்.

"அப்ப அந்தப் பொண்டாட்டி ஆம்பளைங்க. சரி. விட்டுட்டுப் போனாங்களே, அது யாரை?"

"உங்களுக்குத் தெரியும்மா."

"ஆண்டவரையா?"

"வேற யாரை?"

"வீட்டுல காத்துக்கிட்டுக் கிடந்தது..."

"அவர்தான்."

அவள் அப்படியே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவள் மேல் ஏதோ குத்தம் போல எல்லாரும் பார்த்த பார்வை ஒன்று இருந்தது. அதை அவளே அவள் முகத்தில் சுமந்துகொண்டு திரிந்தாள். அது அந்த நிமிசத்தில் கழன்று விழுந்தது.

"நான் வாசிக்கேன்" என்றாள்.

போய் நின்றாள். மைக்கைத் தள்ளி வைத்தாள்.

ஐயோ, அது வாசிப்பா?

தானியத்தைக் கொடுத்தது நான், எண்ணெயைக் கொடுத்தது நான், அது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஆண்டவர் பொருமுகிற இடம் வந்தது. ஆசீர்வாதம் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினபோது அவன் கையில் கட்டியிருந்த வாட்ச் இவள் மாவரைத்து வாங்கிக் கொடுத்தது. ஊருக்கே தெரியும்.

நிறுத்தவில்லை. மேலே போனாள். கொடுத்ததை எல்லாம் பிடுங்கிக்கொள்வேன், அவள் கொண்டாட்டத்தை எல்லாம் ஒழிப்பேன் என்று ஆண்டவர் கொதிக்கிறார். எமிமாள் கொதிக்கிறாள். எந்தக் கோபம் யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெஞ்சுப் பக்கம் பொம்பளைகள் அழுதார்கள். பாய்ப் பக்கம் ஒருத்தன் தலையைத் தூக்கவில்லை. ஆசீர்வாதம் நெற்றியை முட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

அவள் என்னை மறந்துபோனாள் என்று ஆண்டவர் சொல்கிற இடம் வரைக்கும் வாசித்தாள்.

நிறுத்தினாள்.

பாடம் முடியவில்லை. இன்னும் இருக்கிறது. அடுத்த வரியை அவள் வாய்க்குள் வாசிப்பது தெரிந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

எங்கள் எல்லாருக்கும் அந்த வரி தெரியும். அங்கேதான் ஆண்டவர் திடீரென்று மாறுவார். அவளை வனாந்தரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன், அவளோடு நயமாகப் பேசுவேன் என்பார். நம்பிக்கைக்கு ஒரு வாசல் திறப்பேன் என்பார்.

எமிமாள் தலையைத் தூக்கினாள்.

"ஐயா."

"சொல்லுங்கம்மா."

"இந்த வரியில இம்புட்டுக் கோவம். அடுத்த வரியில வா பேசுவோம்னு கூப்பிடுதாரு. நடுவுல எத்தனை நாள் ஆச்சு அவருக்கு?"

"எழுதலம்மா."

"ஒரு நாளா? ஒரு வருசமா?"

"எழுதல."

"தீர்க்கதரிசி கேட்டிருக்கலாம்லா?"

"கேக்கத் தைரியம் வந்திருக்காது."

பாயிலிருந்து வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினார். அந்த மனுசனால் சும்மா இருக்க முடியாது. "வாசிச்சு முடி தாயி. அதான் நல்ல இடம். நேரமாகுதுல்லா?"

ஐயர் பேசுவார் என்று எல்லாரும் பார்த்தோம். அவர் தம்முடைய நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சுவரோரத்திலிருந்து வேதமாணிக்கத்துக்கு ஒரு குரல் பதில் சொன்னது. ஊருக்குத் திரும்பின பிறகு நாலு பேர் முன்னால் அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மாமா, அவளை அவசரப்படுத்தாதீங்க."

எல்லாரும் திரும்பினோம். ஆசீர்வாதம் எழும்பவில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"கோவம் தீரல. தீராமப் போனாலும் அது நியாயந்தான். அவ என்னைக்கு வாசிக்காளோ அன்னைக்கு வாசிக்கட்டும். வாசிக்காமலும் இருக்கட்டும். நான் எங்கயும் போகல. இங்க தரையில இருக்கேன்."

குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தவன் ஆட்டுவதை நிறுத்திவிட்டான்.

எமிமாள் அவனைப் பார்த்தாள். மில் வாசலில் அத்தனை சாயங்காலம் நின்றவனை அவள் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்தாள்.

அப்புறம் குனிந்து, வாசித்த இடத்தில் அடையாள நாடாவை வைத்தாள். வேதத்தை மூடினாள்.

"மிச்சத்தை அடுத்த ஞாயிறு வாசிக்கேன்" என்றாள்.